ரோட்டுக்கு அடியில் ஓர் ஆஸ்பத்திரி

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "ஹாஸ்டல் நினைவுகள் ஏற்கெனவே நிறைய வந்தாச்சு, நீ வேற ஏதாவது எழுதுப்பா" என்றார்கள். நல்லதாகப் போயிற்று. மெஸ் சாம்பாரைப் பற்றியும் அரியர்ஸ் பற்றியும் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம் செட்டிலேயே இருக்கிறார்கள். நான் சென்னையின் ஆஸ்பத்திரிகளையும் இந்த நகரத்தைப் போட்டுப் புரட்டிய கொள்ளைநோய்களையும் பற்றி எழுதுகிறேன்.

"எஞ்சினியருக்கு ஆஸ்பத்திரியில் என்ன சார் வேலை?" என்று கேட்கப்போகும் ஜூனியர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிழைப்பே அங்கேதான். மருத்துவமனைக் கட்டடங்களுக்குத் தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், ஆக்ஸிஜன் குழாய் மூன்றும் போடுகிறவன் நான். பழைய கட்டடங்களில் சுவரை உடைக்கும்போது, இந்தக் குழாய் எந்தக் காலத்தது, யார் போட்டது என்ற கேள்வி வரும். அப்படித் தேடிப் படிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை. படிக்கப் படிக்க எனக்குப் புரிந்த ஒரு விஷயத்தை உங்களுக்கும் சொல்ல ஆசை.

1772: ஒரே வருஷம், இரண்டு காரியம்

சென்னையில் மேல்நாட்டு மருத்துவத்தின் கதை 1664-ல் தொடங்குகிறது. சர் எட்வர்ட் வின்டர் கோட்டையின் தலைவராக இருந்த காலம். நோயில் விழுந்த கம்பெனி சிப்பாய்களைக் கவனிக்க, புனித ஜார்ஜ் கோட்டைக்குள் ஒரு வாடகை வீட்டில் ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். பிறகு அது பல இடம் மாறி, 1772-ல் இன்றைய இடத்துக்கு வந்து சேர்ந்தது. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே நாம் தினமும் பஸ்ஸில் கடக்கும் ஜி.எச்.தான் அது. இந்த மண்ணின் மக்களுக்கு அதன் கதவு திறக்க 1842 வரை ஆயிற்று. அதற்குள் பக்கத்திலேயே 1835-ல் மருத்துவப் பள்ளி வந்துவிட்டது. அதுதான் பின்னால் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் ஆனது.

அதே 1772-ல் இன்னொன்றும் நடந்தது. கேப்டன் பேக்கர் என்பவரின் திட்டப்படி கோட்டைக்கு நல்ல தண்ணீர் கொடுக்க வடக்கே கிணறுகள் வெட்டினார்கள். ஏழு கிணறு என்று இன்றும் அந்தப் பேட்டைக்குப் பெயர். இந்த நகரத்தின் முதல் ஒழுங்கான குடிநீர்த் திட்டம் அதுதான்.

ஜி.எச்.சின் வரலாற்றை டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். ஏழு கிணற்றின் வரலாறு ஒரு தெருப் பெயராக நின்றுவிட்டது. நோய் வந்தபின் ஓடுகிற இடம் நினைவில் நிற்கிறது. நோய் வராமல் தடுத்த இடம் மறந்துபோகிறது. மனித சுபாவம் அது!

கஞ்சியில் பிறந்த ஆஸ்பத்திரி

வடசென்னைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரியை வயதானவர்கள் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். அது கேலிப் பெயர் இல்லை. ஹைதர் அலி போரை ஒட்டி வந்த பஞ்சத்தில், 1782-ல், பட்டினியோடு நகரத்துக்கு ஓடிவந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஒரு சத்திரம் ஏற்பட்டது. மணியக்காரர் சத்திரம் என்று பெயர். வெள்ளைக்காரன் வாயில் அது 'மோனிகர்' ஆகிவிட்டது. கஞ்சி குடிக்க வந்தவர்களில் பலர் எழுந்து நடக்க முடியாத நோயாளிகள். அவர்களுக்காக 1799-ல் ஜான் அண்டர்வுட் என்ற டாக்டர் அங்கே ஆஸ்பத்திரி தொடங்கினார். அந்தப் பரம்பரையில் வந்ததுதான் 1938-ல் கவர்னர் ஸ்டான்லியின் பெயரைப் பெற்ற மருத்துவக் கல்லூரி.

பசியும் நோயும் தனித்தனி இல்லை என்பதை அந்தக் கஞ்சித் தொட்டி அன்றைக்கே சொல்லிவிட்டது. ஆனால் ஆள்பவர்கள் பாடம் படித்தார்களா? 1876 முதல் 1878 வரை வந்த தாது வருஷப் பஞ்சத்தைப் பாருங்கள். நிவாரண வேலை செய்கிற ஆண்பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல், அதாவது சுமார் 450 கிராம் தானியமும், சில்லறைக் காசும் போதும் என்று சர் ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டார். மெட்ராஸ் மாகாணத்தின் சுகாதார கமிஷனர் டாக்டர் கார்னிஷ், இந்தக் கூலியில் உடம்பு தாங்காது, ஆட்கள் செத்துப்போவார்கள் என்று எதிர்த்து எழுதினார். பஞ்சத்தோடு காலராவும் கைகோத்து வந்தது. இந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள்.

அந்தப் பஞ்சக் கூலிக்காரர்கள் வெட்டிய ஒரு வேலை இன்றும் நகரத்தின் நடுவில் இருக்கிறது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் எட்டு கிலோமீட்டர் கால்வாய். ஆமாம், பக்கிங்ஹாம் கால்வாயின் நகரப் பகுதிதான். எலும்பும் தோலுமாக இருந்தவர்கள் வெட்டிய அந்தக் கால்வாயில் படகு ஓடிய காலம் போய், பிற்காலத்தில் சாக்கடை ஓடியது. பஞ்சத்தில் வெட்டியதை நாம் நோய்க்குப் பயிர்நிலம் ஆக்கிவிட்டோம் என்றால் மிகையாகாது.

அம்மை குத்துகிறவர்

பெரியம்மை வந்த வீட்டில் அந்தக் காலத்தில் 'நோய்' என்று சொல்ல மாட்டார்கள். "அம்மா வந்திருக்கா" என்பார்கள். வாசலில் வேப்பிலை தொங்கும். வெளியாள் உள்ளே வரமாட்டார். இதை மூடநம்பிக்கை என்று சுலபமாகத் தள்ளிவிடலாம். ஆனால் வேப்பிலை கட்டிய வாசல் ஊருக்கு ஓர் எச்சரிக்கைப் பலகையாகவும் இருந்தது என்பதை மறக்கக்கூடாது.

பெரியம்மைத் தடுப்பூசி இந்தியாவுக்கு வந்தது 1802-ல். வந்தது சரி, கெடாமல் ஊர் ஊராகக் கொண்டுபோவது எப்படி? ஐஸ் பெட்டி கிடையாது, பிரிட்ஜ் கிடையாது. ஒருவர் கையில் எழும்பிய கொப்புளத்திலிருந்து எடுத்து அடுத்தவர் கையில் குத்தி, சங்கிலி போலக் கொண்டுபோனார்கள். பின்னால் கன்றுக்குட்டிகளின் தோலில் வளர்த்து அம்மைப்பால் தயாரிக்கும் முறை வந்தது. அதற்காக ஏற்பட்டதுதான் கிண்டியில் இருக்கும் கிங் இன்ஸ்டிடியூட். 1899-ல் அம்மைப்பால் கிடங்காகத் தொடங்கி, 1905-ல் ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. 'கிங்' என்றால் ராஜா என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை. மாகாணத்தின் சுகாதார கமிஷனராக இருந்த கர்னல் கிங் என்பவரின் பெயர் அது.

தடுப்பூசி கண்டுபிடித்த ஜென்னரை எல்லோருக்கும் தெரியும். தெருத் தெருவாக, கதவைத் தட்டி, திட்டு வாங்கி, "கொழந்தைக்குக் காய்ச்சல் வரும், போய்யா" என்று விரட்டப்பட்டு, மறுநாளும் அதே கதவைத் தட்டிய அம்மை குத்துகிறவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980-ல் உலகத்திலேயே இல்லை. நம் அப்பா அம்மா கையில் இருக்கும் அந்த வட்டத் தழும்புதான் அந்தப் பெயர் தெரியாத மனிதர்களின் கையெழுத்து.

குழாயும் கிருமியும்

இனி நம்ம சப்ஜெக்டுக்கு வருவோம். ஏழு கிணறு வெட்டிச் சரியாக நூறு வருஷம் கழித்து, 1872-ல், செங்குன்றம் ஏரித் தண்ணீர் நகரத்துக்கு வந்தது. கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீரைத் திருப்பி ஏரியில் சேர்த்து, அங்கிருந்து திறந்த வாய்க்காலில் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். பெரிய சாதனைதான். ஆனால் வடிகட்டவில்லை. காலராக் கிருமியை ராபர்ட் காக் கல்கத்தாவில் உறுதி செய்தது 1884-ல்தானே! கெட்ட காற்றுதான் நோய்க்குக் காரணம் என்று படித்தவர்களே நம்பிய காலம். திறந்த வாய்க்காலில் மாடு குளித்தது, மனிதனும் குளித்தான். அதே தண்ணீர்தான் குழாயில் வந்தது.

1892-ல் ஜெர்மனியில் ஒரு பரீட்சை தானாக நடந்தது. எல்பே ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமல் குடித்த ஹாம்பர்க் நகரில் காலராவில் சுமார் 8,600 பேர் இறந்தார்கள். ஒட்டியே இருந்த அல்டோனா நகரம் அதே ஆற்றுத் தண்ணீரை மணலில் வடிகட்டிக் குடித்தது. பெரும்பாலும் தப்பித்தது. தெருவுக்கு இந்தப் பக்கம் சாவு, அந்தப் பக்கம் இல்லை. அதற்குப் பிறகு வடிகட்டாத தண்ணீருக்கு வக்காலத்து வாங்க யாருக்கும் வாய் வரவில்லை.

சென்னைக்கு அந்த ஞானம் 1914-ல் கிடைத்தது. கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள், மூடிய கால்வாய், நீராவிப் பம்புகள் எல்லாம் வந்தன. செய்தவர் மாநகராட்சி எஞ்சினியர் மேட்லி. தி.நகர் மேட்லி ரோடு அவர் பெயர்தான். (மழை நாளில் மேட்லி சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் ஆத்மா என்ன பாடுபடுமோ என்று நினைத்துக்கொள்வேன்!) மெதுமணல் வடிகட்டியில் ரசாயனம் எதுவும் கிடையாது. மணலின் மேல் வழவழப்பாக ஒரு படலம் படியும். அதில் வாழும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் வரும் கிருமிகளைப் பிடித்துத் தின்றுவிடும். கிருமியை வைத்தே கிருமியைக் கொல்லும் வித்தை.

ஆனால் குழாய் போட்டதோடு கதை முடியவில்லை. ஜி.எச். வாசலில் டாக்டர் ரங்காச்சாரியின் சிலை இருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். சொந்தமாக விமானம் வைத்திருந்து பறந்துபோய் நோயாளிகளைப் பார்த்த புகழ்பெற்ற சர்ஜன். 1934-ல் அவர் இறந்தது டைபாய்டு ஜுரத்தில். தண்ணீரிலும் உணவிலும் பரவுகிற நோய். கத்தி எடுத்தால் எமனையே விரட்டுவார் என்று பேர் வாங்கியவரைச் சாய்த்தது அது. கணித மேதை ராமானுஜன் 1920-ல் சேத்துப்பட்டில் காலமானபோது காசநோய் என்றார்கள். 1994-ல் அவருடைய மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்த ஓர் ஆங்கில டாக்டர், பழைய சீதபேதியின் தொடர்ச்சியாக வந்த கல்லீரல் அமீபா நோயாக இருக்கலாம் என்று எழுதினார். அது உண்மையானால், அதுவும் அசுத்தத் தண்ணீரோடும் உணவோடும் வருகிற நோய்தான்.

பழங்கதை என்று நினைக்காதீர்கள். 1992 கடைசியில் சென்னையில் ஒரு காலரா வந்தது. அப்போது கல்லூரியில் இருந்த சீனியர்களுக்கு நினைவிருக்கலாம். ஆராய்ந்து பார்த்தால், அது அதுவரை தெரிந்த காலராக் கிருமி இல்லை, புது ரகம். ஓ139 என்று பெயர் வைத்தார்கள். பழைய காலராவுக்குப் பழகிய உடம்பும் இதற்குத் தாக்குப்பிடிக்கவில்லை. உலக மருத்துவப் புத்தகங்களில் நம் ஊர் இப்படியும் இடம் பிடித்தது.

ஏன் நம் ஊர்க் குழாய்த் தண்ணீரில் இந்தத் தொல்லை? சிவில் ஜூனியர்கள் கவனிக்கவும். தண்ணீர் 24 மணி நேரமும் அழுத்தத்தோடு ஓடினால், குழாயில் விரிசல் இருந்தாலும் தண்ணீர் வெளியே கசியுமே தவிர, வெளியில் இருப்பது உள்ளே வராது. நாமோ சில மணி நேரம் விட்டு நிறுத்துகிறோம். அழுத்தம் போனதும் குழாய் காலி. போதாக்குறைக்கு வீட்டுக்கு வீடு அடிபம்பையோ மோட்டாரையோ வைத்து உறிஞ்சுகிறோம். பக்கத்தில் கசியும் சாக்கடைக் குழாயிலிருந்து வருவது விரிசல் வழியாக உள்ளே போகிறது. இதற்கு மருந்து டாக்டரிடம் இல்லை.

சானடோரியம் இறங்குங்க!

தாம்பரம் மின்சார ரயிலில் போகிறவர்கள் தினமும் 'சானடோரியம்' என்ற பெயரைக் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் காசநோய்ச் சிகிச்சையில் பெயர் எடுத்த டாக்டர் சௌரி முத்து, தாயகம் திரும்பி 1928-ல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையின் பெயர்தான் ஸ்டேஷனுக்கும் வந்தது. 1937-ல் அரசு எடுத்துக்கொண்டது. அன்றைக்கு டி.பி.க்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, அவ்வளவுதான். அந்த ஓய்வு எத்தனை ஏழைகளுக்குக் கட்டுப்படியாகும்? படுக்கையும் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

இந்தக் கேள்விக்கு உலகத்துக்கே பதில் சொன்னது நம்ம சேத்துப்பட்டு. 1956-ல் அங்கே ஏற்பட்ட காசநோய் ஆராய்ச்சி மையத்தில் 193 ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு சானடோரியத்தில், நல்ல சாப்பாட்டோடு. இன்னொரு பிரிவு நெரிசலான தங்கள் சொந்த வீட்டிலேயே. இருவருக்கும் ஒரே மாத்திரைகள், ஒரு வருஷம். 1959-ல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டிலிருந்த மற்றவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகமெங்கும் சானடோரியங்களின் காலம் முடிய இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். மாத்திரை ஒழுங்காக வீடு தேடிப் போனால், ஆயிரம் படுக்கை கட்டவேண்டியதில்லை என்று சென்னையின் ஏழைகள் நிரூபித்தார்கள்.

1986-ல் இன்னொரு நோய். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் ரத்த மாதிரிகளைச் சேகரித்து, வேலூரில் சோதித்து, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலில் கண்டுபிடித்தார்கள். எல்லோரும் ஒதுக்கிய அந்த நோயாளிகளைச் சேர்த்துக்கொண்ட பெரிய இடம் எது தெரியுமா? அதே தாம்பரம் சானடோரியம். ஒரு நோய்க்குக் கட்டியது இன்னொரு நோய்க்கு உதவியது.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில்

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோதும் அப்படித்தான். தமிழ்நாட்டில் முதலில் சோதனை செய்த இடம், அம்மைப்பால் தயாரித்த அதே கிங் இன்ஸ்டிடியூட். அந்த வளாகத்தில் முதியோருக்காகக் கட்டிய கட்டடம் ஜூலையில் கொரோனா ஆஸ்பத்திரி ஆனது. 2021 மே மாதம் ஜி.எச். வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்றதை நாம் யாரும் மறக்க முடியாது.

அந்த மே மாதம் நான் ஓர் ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில், திரவ ஆக்ஸிஜன் டாங்கிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மைனஸ் 183 டிகிரியில் இருக்கும் திரவம் அலுமினியத் துடுப்புகள் வழியாகப் போய், வெளிக்காற்றின் சூட்டில் வாயுவாக மாறி, வார்டுக்குப் போகவேண்டும். கேட்கிற அளவு தாங்குகிற அளவுக்கு மேல் போனதால், சித்திரை வெயிலில் துடுப்பு முழுக்கப் பனிக்கட்டி! சூடு உள்ளே போகாது, அழுத்தம் இறங்கும். தோட்டத்து ரப்பர் டியூபால் ராத்திரி முழுக்கத் தண்ணீர் அடித்து ஐஸைக் கரைத்தோம். என்னோடு நின்ற வயதான பிட்டர் சொன்னார்: "எல்லாம் ஒழுங்கா ஓடினா நம்மள எவனும் நெனைக்க மாட்டான் சார். நின்னுபோற அன்னிக்குத்தான் இப்படி ஒரு ரூம் இருக்குன்னே தெரியும்."

ஏன் தாங்கவில்லை? யாரும் தப்பாகப் போடவில்லை. வகுப்பில் படித்த 'டைவர்சிட்டி ஃபேக்டர்' நினைவிருக்கிறதா? நூறு படுக்கை இருந்தாலும் நூறு பேருக்கும் ஒரே நேரத்தில் ஆக்ஸிஜன் தேவைப்படாது என்று கணக்குப் போட்டுக் குழாய் அளவைக் குறைப்போம். தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். நகரமே இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. கொள்ளைநோய் என்றால் வேறொன்றுமில்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தேவைப்படுவதுதான். 1782-ல் கஞ்சி, 1877-ல் தானியம், 2021-ல் ஆக்ஸிஜன்.

நிற்க. இவ்வளவு தூரம் படித்ததில் நான் கண்டது இதுதான். இந்த நகரத்தின் ஆரோக்கியத்தில் பாதி ஆஸ்பத்திரிக்குள் இருக்கிறது. மறுபாதி ரோட்டுக்கு அடியில் இருக்கிறது. முதல் பாதியை டாக்டர்களும் நர்ஸுகளும் பார்த்துக்கொள்வார்கள். மறுபாதி நம்முடையது. அதையும் நாம் எப்போதும் அடிபட்ட பிறகே கட்டியிருக்கிறோம். பஞ்சம் வந்தபின் சத்திரம், காலரா பார்த்தபின் வடிகட்டி, மூச்சு முட்டியபின் ஆக்ஸிஜன் டாங்கி.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சாக்கடைக் குழிக்குள் மனிதனை இறக்கக்கூடாது என்று 2013-ல் சட்டமே வந்துவிட்டது. அதன் பிறகும் விஷவாயு தாக்கி இறந்தவர்களின் செய்தி வராத வருஷம் இல்லை. ஊருக்கு நோய் வராமல் இருக்க ஒருவன் உயிரை விடவேண்டும் என்றால், அது எஞ்சினியரிங் இல்லை. இயந்திரத்தை வடிவமைக்கவும், மேன்ஹோலை அதற்கு ஏற்றபடி அமைக்கவும் தெரிந்தவர்கள் இந்த மலரைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஜூனியர்களே, எல்லோரும் சாஃப்ட்வேருக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அங்கும் நல்ல வேலை இருக்கிறது. வகுப்புக்குப் பத்துப் பேராவது தண்ணீர், கழிவுநீர், மருத்துவமனை என்று இந்தப் பக்கம் வாருங்கள். சம்பளம் கொஞ்சம் குறைவுதான், மறைக்கமாட்டேன். பெயரும் வராது, சிலையும் வைக்கமாட்டார்கள். ஆனால் ஒரு தெருவில் வருஷம் முழுக்க யாருக்கும் மஞ்சள் காமாலை வரவில்லை என்றால், அதில் உங்கள் பங்கு இருக்கும். வேலை கேட்டு வருகிறவர்களுக்கும் சந்தேகம் கேட்டு வருகிறவர்களுக்கும் என் கதவு திறந்தே இருக்கும். சங்கத்தின் முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள் போதும்.